ஐதர் அலி

ஐதர் அலி (சுமார் 1720 – டிசம்பர் 7, 1782) பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர் அரசை ஆண்ட படைத்தலைவர் ஆவார். திப்பு சுல்தானின் தந்தை. மைசூர்ப் படையில் ஒரு சிறு பிரிவின் தலைவராகத் தொடங்கிய இவர், 1761 முதல் தம் இறுதிக்காலம் வரை அந்நாட்டின் உண்மையான ஆட்சியாளராக விளங்கினார். உடையார் மரபு மன்னர்களைப் பெயரளவில் அரியணையில் வைத்துக்கொண்டே ஆட்சி நடத்தினார்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியுடன் இவர் இரு பெரும் போர்களை நடத்தினார். முதற் போரில் சென்னையின் வாயில் வரை சென்று கம்பனியை உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். இரண்டாம் போரின் முதன்மையான நிகழ்வுகள் சில இன்றைய கடலூர் மாவட்டத்தில் நடந்தன. 1781ஆம் ஆண்டு சிதம்பரத்தில் கம்பனிப் படை தோல்வியுற்றதும், இரு வாரங்களில் பரங்கிப்பேட்டையில் ஐதரின் பெரும்படை பின்வாங்கியதும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நிலத்தில் வலிமை பெற்றிருந்த ஓர் அரசு, கடல்வழியே உணவும் படையும் பெற்றுக்கொண்டிருந்த ஓர் எதிரியை ஏன் முற்றாக வெல்ல இயலவில்லை என்பதை இவரது வரலாறு காட்டுகிறது.

பிறப்பும் இளமையும்

ஐதர் அலி இன்றைய கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டத்திலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தார். பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. 1720 முதல் 1722 வரையான ஆண்டுகள் பல நூல்களில் தரப்படுகின்றன. தந்தை பத்தே முகம்மது சிரா நவாபின் கீழ்ப் படைத்தலைவராக இருந்தவர். ஐதர் சிறுவனாக இருந்தபோதே அவர் போரில் மாண்டார். தந்தையின் கடனைக் காட்டிக் குடும்பத்தின் உடைமைகள் பறிக்கப்பட்டன. ஐதரும் அவருடைய அண்ணன் சபாசும் சிறுவர்களாக இருந்தும் கொடுமைப்படுத்தப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

பின்னர் இவ்விருவரும் மைசூர்ப் படையில் சேர்ந்தனர். 1749இல் தேவனகள்ளிக் கோட்டை முற்றுகையின்போது ஐதர் காட்டிய துணிவு, மைசூரின் முதலமைச்சரும் படைத்தலைவருமான நஞ்சராசரின் கவனத்தை ஈர்த்தது. அதன் பயனாக 50 குதிரை வீரர்களும் 200 காலாட்களும் கொண்ட பிரிவு ஒன்று இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஐதர் அலி எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். ஆயினும் கன்னடம், தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்துத்தானி ஆகிய மொழிகளில் பேச வல்லவர். கணக்குகளையும் ஆட்களின் முகங்களையும் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் இவருக்கு இருந்தது.

கருநாடகப் போர்களில் பெற்ற பட்டறிவு

ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் மோதிய காலம் அது. முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே ஐதராபாத் நிசாம் நாசிர் சங் கொல்லப்பட்டபோது, மைசூரிலிருந்து சென்ற படையில் ஐதர் இருந்தார். அந்தக் குழப்பத்தில் நிசாமின் கருவூலத்தில் ஒரு பகுதி இவர் கைக்கு வந்தது என்பர். அந்தப் பணத்தைக் கொண்டு இவர் தமது படையைப் பெருக்கினார்.

சந்தா சாகிபை எதிர்க்கத் துணை வந்தால் திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மது அலி மைசூருக்கு வாக்களித்திருந்தார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்ட பின்னர் அந்த வாக்கு நிறைவேற்றப்படவில்லை. ஏமாற்றமுற்ற நஞ்சராசர் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்து, 1755 வரை திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டும் பயன் கிட்டவில்லை. அம்முற்றுகையில் பங்கேற்ற ஐதர் இரண்டு செய்திகளை நேரில் கண்டார். ஒன்று, ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு காலாட்படை பெருந்திரளான குதிரைப்படையை எதிர்த்து நிற்க முடியும் என்பது. மற்றொன்று, ஆற்காட்டு நவாபும் அவருக்குப் பின்னால் நின்ற கம்பனியும் கொடுத்த வாக்கை நம்பி நாட்டின் பொருளைச் செலவிட இயலாது என்பது.

திண்டுக்கல்

1755இல் ஐதர் திண்டுக்கல்லின் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்குவதும் வரி தண்டுவதும் இவர் பொறுப்பாயின. பிரெஞ்சுப் பொறியாளர்களை வரவழைத்துப் பீரங்கிப் படை ஒன்றையும் படைக்கலச் சாலையையும் இங்கே அமைத்தார். மைசூர் அரண்மனையிலிருந்து தொலைவில் இருந்ததால், தமக்கே கட்டுப்பட்ட படை ஒன்றை இவரால் உருவாக்க முடிந்தது.

பிற்காலத்தில் சிவகங்கை அரசி வேலு நாச்சியார் கணவரை இழந்து நாட்டைவிட்டு வெளியேறியபோது, திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் தங்கினார். 1780இல் அவர் சிவகங்கையை மீட்பதற்கு ஐதர் படையுதவி அளித்தார்.

திருவதிகைப் போரும் 1760இன் நெருக்கடியும்

கடலூர் வட்டாரத்தில் ஐதரின் படை முதன்முதலில் பெரிய அளவில் இறங்கியது 1760இல் ஆகும். அவ்வாண்டு சனவரியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப்படை வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்துப் புதுச்சேரியை நெருங்கியது. லாலி மைசூரின் உதவியை நாடினார். ஐதர் தம் மைத்துனர் மக்தூம் அலியைப் படையுடன் அனுப்பினார். 1760 சூலையில் பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை அருகே மக்தூம் அலி, மேசர் மூர் தலைமையிலான கம்பனிப் படையைத் தோற்கடித்தார்.

இந்த வெற்றி நிலைக்கவில்லை. ஐதரின் படைகள் தொலைவில் சிதறிக் கிடந்த நேரம் பார்த்து, அவரிடமே பணியாற்றிய கண்டேராவ் அரண்மனையின் துணையுடன் சீரங்கப்பட்டணத்தில் அவருக்கு எதிராக எழுந்தார். ஐதர் இரவோடு இரவாகத் தப்பிச் சென்று, மக்தூம் அலியைத் திரும்ப அழைத்தார். துணையிழந்த புதுச்சேரி 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஐதர் படை திரட்டித் திரும்பி வந்து, 1761இல் கண்டேராவைத் தோற்கடித்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். கண்டேராவ் இறக்கும் வரை இரும்புக் கூண்டில் அடைக்கப்பட்டிருந்தார் என்று கூறப்படுகிறது.

ஆட்சி விரிவாக்கம்

1763இல் ஐதர் பெத்தனூரைக் கைப்பற்றினார். அங்குக் கிடைத்த பெருஞ்செல்வமே இவருடைய பிற்காலப் போர்களுக்கு அடிப்படையாக அமைந்தது. அந்நகருக்கு ஐதர்நகர் என்று பெயர் சூட்டினார். மங்களூர் உள்ளிட்ட மேலைக் கடற்கரைத் துறைமுகங்கள் இதன்வழி மைசூருக்குக் கிடைத்தன. 1766இல் மலபார் மீது படையெடுத்தார். அங்கே எழுந்த நாயர்களின் கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது.

மேலைக் கடற்கரையில் இவர் ஒரு கடற்படையையும் அமைக்க முயன்றார். 1768இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது, அக்கடற்படைக்குத் தலைமை தாங்கிய ஐரோப்பியர் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார். பின்னர் மீண்டும் கட்டப்பட்ட கப்பல்களை 1780 டிசம்பரில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்டு ஹியூசு மங்களூரில் அழித்தார். கீழைக் கடற்கரையில் மைசூருக்குக் கடற்படை எதுவும் இருந்ததில்லை.

முதலாம் மைசூர்ப் போர்

1767இல் ஐதரும் நிசாமும் கூட்டாகக் கருநாடகப் பகுதிக்குள் நுழைந்தனர். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் சுமித்து தலைமையிலான கம்பனிப் படை அவர்களை வென்றது. 1768 தொடக்கத்தில் நிசாம் கூட்டணியிலிருந்து விலகினார். ஐதர் தனித்துப் போரிட்டார்.

பெரும்படைகளை மோதவிடுவதைத் தவிர்த்து, விரைந்து நகரும் குதிரைப்படையைக் கொண்டு எதிரியின் உணவு வழிகளை அடைப்பதே இவரது முறையாக இருந்தது. 1769 மார்ச்சு மாதத்தில் முதன்மைப் படையைப் பின்னால் விட்டுவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரர்களுடன் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் திடீரெனத் தோன்றினார். கம்பனியின் படை அப்போது வேறிடத்தில் இருந்தது. சென்னை அரசு உடன்படிக்கைக்கு இணங்கியது. கைப்பற்றிய இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவதென்றும், ஒருவரை வேற்றரசு தாக்கினால் மற்றவர் உதவுவதென்றும் முடிவாயிற்று.

மீறப்பட்ட உடன்படிக்கை

அடுத்த ஆண்டிலேயே உடன்படிக்கைக்குச் சோதனை வந்தது. பேசுவா மாதவராவ் தலைமையில் மராட்டியர் மைசூரின் மீது படையெடுத்தனர். 1771இல் ஐதர் மேல்கோட்டை அருகே பெருந்தோல்வி அடைந்தார். கம்பனியிடம் பலமுறை உதவி கேட்டும் கிடைக்கவில்லை. 1772இல் நிலப்பகுதிகளை இழந்தும் பெருந்தொகை கொடுத்தும் மராட்டியரோடு அமைதி செய்துகொண்டார். இழந்தவற்றை அடுத்த சில ஆண்டுகளில் மீட்டுக்கொண்டாலும், கம்பனியின் மீது இவருக்கு இருந்த வெறுப்பு மாறவில்லை.

1778இல் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. மலபார்க் கரையில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாகி வழியாகவே ஐதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்தன. அவ்வூர் தம் பாதுகாப்பில் உள்ளது என்று இவர் அறிவித்திருந்தும், 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். அவ்வாண்டு சென்னை அரசு, தரங்கம்பாடி வழியாக வந்து தஞ்சையில் சமயப்பணி செய்துகொண்டிருந்த செருமானியப் பாதிரியார் சுவார்ட்சைத் தூதராகச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. ஐதர் அவரை மதிப்புடன் நடத்தினார். ஆனால் போர் தவிர்க்கப்படவில்லை. பின்னர் படையெடுத்து வந்தபோதும் சுவார்ட்சுக்கு இடையூறு செய்யலாகாது என்று ஐதர் தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார்.

இரண்டாம் மைசூர்ப் போரின் தொடக்கம்

1780 சூலையில் ஐதர் சுமார் 80,000 பேர் கொண்ட படையுடன் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். அம்மாதத்திலேயே அவருடைய இளைய மகன் கரீம் சாகிபு தலைமையில் சென்ற ஒரு பிரிவு பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டது. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த அவ்வூர், துணி வணிகத்தில் சிறந்திருந்த துறைமுகம் ஆகும்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் சூழ்ந்து அழித்தனர். மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ஏவுகணைகள் இப்போரில் பயன்படுத்தப்பட்டன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது தோல்வியை விரைவுபடுத்தியது. சிறைப்பட்ட பெய்லி சீரங்கப்பட்டணத்தில் 1782இல் இறந்தார். சில கல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த எக்டர் மன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. அவர் தமது பெரும் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நவம்பரில் ஆற்காடும் ஐதர் வசமாயிற்று.

வங்காளத்திலிருந்து அயர் கூட் கடல்வழியாக அனுப்பப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தவாசியில் வென்ற அதே தளபதி இப்போது முதியவராகவும் நோயுற்றவராகவும் இருந்தார்.

கடலூரில் தவறிய வாய்ப்பு

1781 பிப்ரவரியில் கூட் தமது படையுடன் கடலூரை அடைந்தார். ஊர்ப்புறங்களை ஐதரின் குதிரைப்படை சூழ்ந்திருந்ததால், கடல்வழியாக வரும் அரிசியையே கம்பனிப் படை நம்பியிருந்தது. அந்நேரத்தில் பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று கடலூருக்கு எதிரே தோன்றியது. கடலில் பிரெஞ்சுக்காரரும் நிலத்தில் ஐதரும் சூழ்ந்து நிற்க, கூட்டின் படை பட்டினியின் விளிம்பில் இருந்தது.

கப்பற்படையை அங்கேயே நிறுத்துமாறு ஐதர் பிரெஞ்சுத் தளபதி டோர்வுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஆனால் டோர்வு பிப்ரவரி நடுவில் மொரீசியசுத் தீவுக்குத் திரும்பிவிட்டார். கம்பனியின் கப்பல்கள் உணவுடன் வந்து சேர்ந்தன. தென்னிந்தியாவில் கம்பனியின் ஆட்சி முடிவுக்கு வரக்கூடிய வாய்ப்பு அந்தச் சில நாட்களில் தவறியது எனப் பல வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

சிதம்பரம் தாக்குதல்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல்விளையும் சமவெளியில் சிதம்பரமும், அதன் தென்மேற்கே வீராணம் ஏரிக்கரையில் காட்டுமன்னார்கோயிலும் அமைந்துள்ளன. கடலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் படை இச்சமவெளியைக் கடந்தே ஆக வேண்டும். எனவே இப்பகுதியைக் கையில் வைத்திருப்பது இரு தரப்புக்கும் இன்றியமையாததாக இருந்தது. உயர்ந்த மதில்களையும் நான்கு கோபுரங்களையும் உடைய சிதம்பரம் நடராசர் கோயில், கருநாடகப் போர்க்காலம் முழுவதும் ஒரு கோட்டையாகவே பயன்படுத்தப்பட்டது. 1781இல் அங்கே ஐதரின் காவற்படை இருந்தது; உணவுத் தானியங்களும் சேமிக்கப்பட்டிருந்தன.

ஐதர் தஞ்சைப் பகுதிக்குச் சென்றிருந்த வேளையில், சூன் நடுவில் கூட் கடலூரிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தார். சூன் 18 அன்று இரவு அவருடைய படை சிதம்பரத்தைத் தாக்கியது. கோயிலில் சில நூறு பேரே உள்ளனர் என்று அவருக்குத் தகவல் கிடைத்திருந்தது. உண்மையில் காவற்படை அதைவிடப் பன்மடங்கு பெரியது. வெளி அரண்களைக் கடந்து உள்ளே நுழைந்த கம்பனிச் சிப்பாய்கள், அடுத்த வாயிலில் கடும் எதிர்ப்பைச் சந்தித்துப் பின்வாங்கினர். கூட் தம் படையுடன் பரங்கிப்பேட்டையின் கடற்கரைக்குச் சென்று, ஹியூசின் கப்பல்களின் அருகில் பாளையம் இறங்கினார்.

பரங்கிப்பேட்டைப் போர்

சிதம்பரத்தில் கிடைத்த வெற்றி ஐதருக்கு ஊக்கமளித்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து புறப்பட்டு, சுமார் 100 மைல் தொலைவை இரண்டரை நாட்களில் கடந்து வந்தார் என மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்சு குறிப்பிடுகிறார். பரங்கிப்பேட்டைக்கும் கடலூருக்கும் இடையே பாதையை மறித்து, மண்மேடுகளில் பீரங்கிகளை நிறுத்தினார். கூட் கடலூருக்குத் திரும்ப வேண்டுமானால் இந்த அரண்களை நேராகத் தாக்கியாக வேண்டும்.

1781 சூலை 1 அன்று காலையில் போர் தொடங்கியது. கம்பனியிடம் ஏறத்தாழ 8,000 பேர் இருந்தனர். ஐதரின் படை அதைப்போல் பல மடங்கு பெரியது. ஆயினும் அதில் பெரும்பகுதி குதிரைப்படையும் முறையான பயிற்சியற்ற வீரர்களும் ஆகும். கூட் நேர்ப்பாதையைத் தவிர்த்து, தமக்கு வலப்புறம் கடலோர மணற்குன்றுகளுக்கு இடையே ஒரு வழியைக் கண்டறிந்தார். முதல் அணி அவ்வழியாகச் சென்று மைசூர் அரண்களைப் பக்கவாட்டில் தாக்கியது. இரண்டாம் அணி பின்னாலிருந்த மணற்குன்று ஒன்றைப் பிடித்து, அதை மீட்க வந்த மைசூர்ப் படையைத் தடுத்தது. கரையை ஒட்டி நின்ற ஆங்கிலக் கப்பல் ஒன்றும் சுட்டது. ஐதரின் குதிரைப்படை மேற்கொண்ட பெருந்தாக்குதல்கள் தோல்வியுற்றன. அவருடைய உறவினரும் நெடுநாள் தளபதியுமான மீர் அலி ரசாகான் இப்போரில் படுகாயமுற்று மாண்டார்.

மாலையில் ஐதர் பின்வாங்க ஆணையிட்டார். கம்பனியின் இழப்பு சுமார் 300 பேர் ஆகும். மைசூரின் இழப்பு அதைவிட மிகுதி. ஆயினும் ஐதர் தமது பீரங்கிகளைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டார். துரத்திச் செல்லக் கூட்டிடம் போதிய குதிரைப்படை இல்லை. இப்போரால் ஐதரின் ஆற்றல் அழிந்துவிடவில்லை. ஆனால் தென் கருநாடகத்திலிருந்து கம்பனியை அகற்றும் முயற்சி தடைப்பட்டது. அவ்வாண்டு ஆகத்து 27இல் பொள்ளிலூரிலும் செப்டம்பர் 27இல் சோளிங்கரிலும் மீண்டும் போர்கள் நடந்தன. இரண்டிலும் கூட் முன்னேறினார். ஆனால் உணவுக்கும் வண்டிமாடுகளுக்கும் பட்ட பாட்டினால் அவராலும் வெற்றியைப் பயன்படுத்திக்கொள்ள இயலவில்லை.

பஞ்சமும் மக்கள் பட்ட துயரமும்

எதிரிக்கு உணவு கிடைக்காமல் செய்வதே ஐதரின் போர்முறையின் அடிப்படை. அதற்காக ஊர்கள் எரிக்கப்பட்டன, விளைபயிர் அழிக்கப்பட்டது, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மக்களில் பலர், குறிப்பாக இளைஞர்களும் கைவினைஞர்களும், மைசூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கம்பனிப் படையும் தான் சென்ற வழியில் கிடைத்த நெல்லையும் மாடுகளையும் எடுத்துக்கொண்டது. இடையில் அகப்பட்ட உழவர்களுக்கு இரு படைகளுக்கும் வேறுபாடு மிகுதியாக இருக்கவில்லை.

போருடன் பஞ்சமும் சேர்ந்தது. உணவு தேடிச் சென்னைக்கு ஓடியவர்களுள் பலர் 1782இல் அந்நகரின் தெருக்களிலேயே மாண்டனர். தஞ்சை நாட்டில் பாசன அமைப்புகள் பழுதுற்று, நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. தஞ்சைக்கு ஓடிவந்தவர்களுக்குச் சுவார்ட்சு தாம் முன்னரே வாங்கிச் சேமித்திருந்த அரிசியைக் கொண்டு உணவளித்தார். அப்பகுதியில் இக்காலம் நெடுநாள் வரை ஐதர் கலாபம் என்று நினைவுகூரப்பட்டது. வெளிநாட்டு ஆதிக்கத்தை எதிர்த்த ஆட்சியாளராக ஐதர் போற்றப்படும்போது, காவிரிக் கரை மக்களின் நினைவில் அவர் பெயர் வேறு வகையில் பதிந்திருப்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

பிரெஞ்சுப் படையின் வருகை

1782 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த கொள்ளிடக் கரையில், அன்னகுடி என்னுமிடத்தில் கர்னல் பிரேத்வெயிட்டின் படையைத் திப்பு சூழ்ந்து சிறைப்பிடித்தார். அதே மாதம் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரென் சோழமண்டலக் கடலில் தோன்றி, சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஹியூசுடன் போரிட்டார். மார்ச்சு மாதத்தில் பிரெஞ்சு வீரர்கள் பரங்கிப்பேட்டையில் இறங்கினர். ஐதர் முந்திய ஆண்டு தோல்வியுற்ற அதே கடற்கரை இப்போது அவருடைய கூட்டாளிகளின் இறங்குதுறை ஆயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளிடம் வீழ்ந்தது.

சூலை மாத இறுதியில் சஃப்ரென் கடலூரில் தம் கப்பல்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, ஐதர் அவரைக் காண வந்தார். இருவரும் கடலூர்ப் பகுதியில் பெரும் சிறப்புடன் சந்தித்தனர். சஃப்ரென் ஆகத்து 31இல் திருகோணமலையைக் கைப்பற்றினார். ஆயினும் நிலத்தில் பிரெஞ்சுத் தளபதி டுசெமின் பெரும்போருக்கு முன்வரவில்லை. பிரான்சிலிருந்து வரவேண்டிய பெரும்படையும் தாமதமாயிற்று. 1782 சூன் 2இல் ஆரணியில் ஐதரும் கூட்டும் கடைசியாக மோதினர். அப்போரும் முடிவு தராமலே நின்றது.

மறைவு

ஐதர் முதுகில் தோன்றிய கட்டியினால் அல்லலுற்றார். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் காலமானார். அப்போது திப்பு மலபார்க் கரையில் போரிட்டுக்கொண்டிருந்தார். படையில் குழப்பம் நேராதிருக்க, அமைச்சர்களான பூர்ணையாவும் கிருட்டிணராவும் இறப்பை மறைத்து வைத்தனர். கருவூலம் அனுப்பப்படுவது போல உடல் ஒரு பேழையில் கோலாருக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் சீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டது. திப்பு திரும்பி வந்து ஆட்சிப்பொறுப்பை அமைதியாக ஏற்றுக்கொண்டார்.

அயர் கூட்டும் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். ஐதர் எதிர்பார்த்துக் காத்திருந்த பிரெஞ்சுப் படை, அவர் இறந்த பின்னரே புசியின் தலைமையில் வந்து சேர்ந்தது. 1783 சூன் மாதம் கடலூரில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நிலத்திலும் கடலிலும் கடும் போர் நடந்தது. ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி வந்ததும் பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்திக்கொண்டனர். தனித்து நின்ற திப்பு 1784 மார்ச்சு 11இல் மங்களூர் உடன்படிக்கையைச் செய்துகொண்டார். இதன்படி இரு தரப்பும் கைப்பற்றிய பகுதிகளைத் திருப்பித் தந்தன.

ஆட்சியும் படையமைப்பும்

ஐதர் மைசூர் மன்னரைத் தசராத் திருவிழாவில் மக்கள் முன் அமர்த்தி மரபைக் காத்தார். அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வரவு செலவை நாள்தோறும் கேட்டறிந்தார். அலுவலரைத் தேர்ந்தெடுப்பதில் சமயத்தைப் பார்க்கவில்லை. நிதித்துறையில் பூர்ணையா போன்ற பிராமணர்கள் உயர்பதவி வகித்தனர். சிருங்கேரி மடத்துக்கும் கோயில்களுக்கும் இவர் மதிப்பளித்ததற்குச் சான்றுகள் உள்ளன. அதே வேளையில் வரி தண்டுவதிலும் தண்டனையிலும் மிகக் கடுமையானவர்.

படையில் காலாட்படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்தார். இரும்புக்குழாயில் வெடிமருந்து அடைத்த ஏவுகணைகளைப் பயன்படுத்தத் தனிப்பிரிவு வைத்திருந்தார். மூங்கில் அல்லது தாள் குழாய்களைவிட இரும்புக்குழாய் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதால், இவை நெடுந்தொலைவு சென்றன. திப்புவின் காலத்தில் மேலும் வளர்ந்த இந்நுட்பம், பின்னர் இங்கிலாந்தில் காங்கிரீவ் உருவாக்கிய ஏவுகணைகளுக்கு முன்னோடியாக அமைந்தது. பெங்களூரிலுள்ள லால்பாக் தோட்டமும் 1760இல் இவர் தொடங்கியதே ஆகும்.

மதிப்பீடு

பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய ஆட்சியாளர்களுள் கம்பனியின் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஐதர் ஒருவர். நிலத்தில் கம்பனிப் படையைப் பட்டினி போட அவரால் முடிந்தது. கடலை மூட முடியவில்லை. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் கூட்டைக் காப்பாற்றியது கரைக்கு அருகே நின்ற கப்பல்களும் அவை கொண்டுவந்த அரிசியுமே. இக்குறையை ஈடுசெய்யப் பிரெஞ்சுக்காரரை நம்பியதும், அவர்கள் தங்கள் ஐரோப்பிய நலன்களுக்கேற்ப வந்தும் சென்றும் நடந்துகொண்டதும் இவருடைய திட்டம் நிறைவேறாமைக்கு முதன்மைக் காரணங்கள். மராட்டியர் 1782இல் சால்பாய் உடன்படிக்கை மூலம் கம்பனியோடு தனியே அமைதி செய்துகொண்டதும் மைசூரைத் தனிமைப்படுத்தியது.

தொடர்புடைய இடங்கள்

சிதம்பரம் நடராசர் கோயில்: 1781இல் காவற்படை தங்கியிருந்த இடம். நான்கு கோபுரங்களையும் மதிலையும் சுற்றி அமைந்த தேரோடும் வீதிகளில் நடந்து வந்தால், இக்கோயில் எவ்வாறு கோட்டையாகப் பயன்பட்டது என்பது விளங்கும்.

பரங்கிப்பேட்டை: வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த பேரூர். மகமூதுபந்தர் என்றும் வழங்கப்பட்டது. 1781 சூலைப் போர் ஊருக்கு வடக்கே கடலோர மணற்குன்றுப் பகுதியில் நடந்தது.

கடலூர், தேவனாம்பட்டினம்: கம்பனியின் புனித டேவிட் கோட்டை இருந்த இடம். 1758இல் லாலி இக்கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். கெடிலம் ஆற்றை ஒட்டி அதன் எச்சங்கள் உள்ளன.

திண்டுக்கல் மலைக்கோட்டை: ஐதர் தமது படையை முதலில் கட்டியமைத்த ஊர்.

சீரங்கப்பட்டணம்: தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போரைக் காட்டும் பெரிய ஓவியம் உள்ளது. அருகிலுள்ள கும்பசு என்னும் நினைவு மாளிகையைத் திப்பு 1782–84 காலத்தில் எழுப்பினார். ஐதர் அலி, அவருடைய மனைவி பக்ருன்னிசா, 1799இல் போரில் மாண்ட திப்பு சுல்தான் ஆகிய மூவரின் கல்லறைகளும் இங்குள்ளன.